மறதியை முன்னிட்டுக் கட்டிய பாதுகாப்பு: டிரெவர் கிளெட்ஸின் பணியை முன்வைத்து

ஆலையில் ஒருவர் இறந்தால், பின்னால் வரும் விசாரணை அறிக்கையில் மனிதத் தவறு என்ற சொல் எங்காவது ஓரிடத்தில் இருக்கும். வால்வைத் திறந்தவர், வேலை பெர்மிட்டில் கையெழுத்திட்டவர், எச்சரிக்கை மணியைக் கவனிக்காதவர் என்று யாராவது ஒருவர் அகப்பட்டுவிடுவார். அவருக்கு ஒரு மெமோ, மற்றவர்களுக்கு அரை நாள் பயிற்சி வகுப்பு, சுவரில் புதிதாக ஒரு பலகை என்பதோடு கோப்பு மூடப்படும். பிரிட்டனின் வேதித் தொழிலில் பாதுகாப்பு ஆலோசகராகவும் பிறகு பேராசிரியராகவும் இருந்த டிரெவர் கிளெட்ஸ் (1922–2013) இந்த வழக்கத்தை எதிர்த்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். விபத்துக்கு மனிதத் தவறே காரணம் என்பது, உயரத்திலிருந்து விழுந்தவரின் சாவுக்குப் புவியீர்ப்பைக் காரணம் காட்டுவது போன்றது என்பார். பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த விபத்தைத் தடுக்க ஒரு வழியும் பிறக்காது. கிளெட்ஸைப் பேசுபவர்கள் அவருடைய இரண்டு கருத்துகளைப் பொதுவாகத் தனித்தனியே குறிப்பிடுவார்கள். ஒன்று, ஆபத்தான பொருளைக் காவல் காப்பதைவிட அதை வைத்திருக்காமல் இருப்பது மேல் என்பது. மற்றொன்று, நிறுவனங்களுக்கு நினைவாற்றல் கிடையாது, அதனால் அதே விபத்து மீண்டும் நடக்கிறது என்பது. முன்னது வடிவமைப்பாளருக்கான அறிவுரையாகவும் பின்னது மேலாளருக்கான எச்சரிக்கையாகவும் படிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே சிந்தனையின் இரு பக்கங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நினைவு நிலைக்காது என்பதைக் கண்ணெதிரே கண்டவர் என்பதால்தான், யாருடைய நினைவையும் நம்பி நிற்காத ஆலையை அவர் கேட்டார்.

அவருடைய பணிவரலாற்றைப் பார்த்தால் இது எங்கிருந்து வந்தது என்று புரியும். டார்லிங்டனில் பிறந்து, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, 1944இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் எட்டு ஆண்டுகள் ஆராய்ச்சிப் பிரிவு, அடுத்த பதினாறு ஆண்டுகள் உற்பத்தி நிர்வாகம். பாதுகாப்புத் துறைக்கு அவர் வந்தது 1968இல்தான். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் பெட்ரோ கெமிக்கல் பிரிவில் அடுத்தடுத்துப் பெரிய தீ விபத்துகள் நிகழ்ந்திருந்தன. அக்காலத்தில் பாதுகாப்பு அதிகாரி என்றால் தலைக்கவசம், கையுறை, வழுக்கும் தரை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர் என்றுதான் பொருள். ஆலைக்குள் என்ன வினை நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆலையை நடத்திப் பழகிய ஒரு தொழில்நுட்பக்காரரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தது அன்றைக்குப் புதுமை. 1982இல் ஓய்வுபெறும்வரை பதினான்கு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அதற்கு முன்பே லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பகுதிநேரப் பேராசிரியராகியிருந்தார். ஓய்வுக்குப் பின் ஆசிரியர், ஆலோசகர், நூலாசிரியர் என்று இன்னொரு முப்பது ஆண்டுகள். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் அவரை வருகைப் பேராசிரியராக வைத்துக்கொண்டது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நேராக வகுப்பறைக்குப் போன ஆய்வாளர்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: இரவு ஷிப்டில் தொலைபேசி அடித்தால் பதில் சொல்ல வேண்டியவராக இருந்த அனுபவம். ஆபரேட்டர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்கும்போது, அந்த நிலையில் தானும் அதையே செய்திருப்பேனா என்ற கேள்வி அவருடைய எழுத்தில் உடன் வருவது இதனால்தான்.

1967இல் நடந்த தீ விபத்து ஒன்றை அவர் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். பழுதுபார்ப்பதற்காக ஒரு பெரிய பம்பைப் பிரித்தார்கள். ஃபிட்டர் போல்ட்டுகளைக் கழற்றியபோது, தானாகவே தீப்பற்றும் வெப்பநிலைக்கு மேல் இருந்த எண்ணெய் பீறிட்டு வந்து பற்றிக்கொண்டது. மூன்று பேர் இறந்தனர். அந்த அலகே அழிந்தது. பம்பின் உறிஞ்சு பக்க வால்வு திறந்தே இருந்தது என்பது பிறகு தெரிந்தது. குழாயில் பிளைண்ட் போட்டு, அதாவது இணைப்புக்கு நடுவே கெட்டியான இரும்புத் தகட்டைச் செருகி, பாதையை முற்றாக அடைத்திருந்தால் வால்வு திறந்திருந்தாலும் எண்ணெய் வந்திருக்காது. இது ஒன்றும் அன்று கண்டறியப்பட்ட உண்மை இல்லை. 1928இலேயே, பெரிய எரிவாயுக் குழாய் ஒன்றில் வேலை நடந்தபோது மூடிய வால்வு கசிந்து வெடித்திருந்தது. வால்வை மட்டும் நம்பாதீர்கள், தகடு போடுங்கள் என்று அந்த அறிக்கை தெளிவாகச் சொல்லியிருந்தது. நாற்பது ஆண்டு இடைவெளியில் பரிந்துரை கோப்பில் இருந்தது, நடைமுறையில் இல்லை. யாரும் அதை வேண்டுமென்று கைவிடவில்லை. விபத்தைப் பார்த்தவர்கள் ஓய்வுபெறுகிறார்கள்; அடுத்து வருபவருக்குத் தகடு போடுவது காரணம் தெரியாத ஒரு சடங்கு; ஒருநாள் அவசரத்தில் விடப்படுகிறது, அன்று ஒன்றும் ஆவதில்லை; மறுமுறை விடுவது இன்னும் சுலபம். கிளெட்ஸ் மாதந்தோறும் எழுதிச் சுற்றுக்கு விட்ட பாதுகாப்புச் செய்தி மடல்கள் இந்த அரிப்பை எதிர்த்துத்தான் பிறந்தன. அவை நிறுவன மதிலைத் தாண்டி வெளியாருக்கும் போயின. தன் நிறுவனத்தின் விபத்தைப் போட்டி நிறுவனத்துக்குச் சொல்வது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் தொழில் உலகில் இது சாதாரண விஷயமில்லை. 1985இல் வெளிவந்த ‘வாட் வென்ட் ராங்?’ என்ற அவருடைய நூலில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சிறு வரலாறுகள்தான். கோட்பாடு பேசும் நூலைவிட அது பரவலாகப் படிக்கப்பட்டதற்கு, பம்பும் வால்வும் தெரிந்த எவரும் அதற்குள் தன் ஆலையைப் பார்க்க முடிந்ததே காரணமாக இருக்கலாம்.

ஆனால் நினைவூட்டுவது மட்டுமே தீர்வு என்று நினைத்திருந்தால் அவர் நல்ல செய்தி மடல் ஆசிரியராகவே நின்றிருப்பார். மேலும் ஒரு படி போனார். அவர் விவரிக்கும் வடிகட்டி விபத்து அந்தப் படியைக் காட்டும். அழுத்தத்தில் இயங்கும் பெரிய வடிகட்டி. வேலை முடிந்ததும் மிச்ச திரவத்தை நீராவியால் தள்ளிவிட்டு, உள்ளிருக்கும் அழுத்தத்தைப் போக்கு வால்வு வழியே வெளியேற்றி, அதன் பிறகு கதவைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். கதவைப் பிடித்திருக்கும் எட்டுக் கம்பிகளும் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றினால் ஒன்றாக விலகிக்கொள்ளும். ஒருநாள் அனுபவமும் பொறுப்பும் மிக்க ஓர் ஆபரேட்டர், அழுத்தத்தை வெளியேற்றும் முன்பே சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பாய்ந்து திறந்த கதவுக்கும் எதிரிலிருந்த இரும்புக் கட்டமைப்புக்கும் நடுவே நசுங்கி அந்த இடத்திலேயே இறந்தார். அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் செய்யும் மனிதர் எப்போதாவது ஒருமுறை வரிசை மாற்றிச் செய்வார் என்பது ஏறக்குறைய நிச்சயம். எந்த நாளில் என்பதுதான் தெரியாது. ஆகவே கேட்க வேண்டியது, உள்ளே அழுத்தம் இருக்கும்போது கதவு ஏன் திறக்க முடிந்தது என்பதுதான். போக்கு வால்வு திறக்காமல் சக்கரம் நகராதபடி ஒரு பூட்டு அமைத்திருக்கலாம். அல்லது கதவு முதலில் ஒரு விரற்கடை மட்டும் விலகி, உள்ளே அழுத்தம் இருந்தால் காட்டிக்கொடுக்கும்படி செய்திருக்கலாம்.

நைட்ரோகிளிசரின் தயாரிப்பு இதைவிடத் தெளிவான சான்று. பழைய முறையில் சுமார் ஒரு டன் கொள்ளளவுள்ள கலத்தில் வினை நடக்கும்; வெப்பம் ஏறினால் எல்லாமே போய்விடும். அதைக் கண்காணிப்பவர் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒற்றைக்கால் முக்காலி கொடுத்தார்கள். கண்ணயர்ந்தால் விழுந்து விழித்துக்கொள்வார். அன்றைய அளவில் இதுவே பாதுகாப்பு ஏற்பாடு, சொல்லப்போனால் புத்திசாலித்தனமான ஏற்பாடும்கூட. பின்னாளில் வினையின் வேகம் குறைவாக இருந்ததற்குக் கலவை சரியாகக் கலக்காததுதான் காரணம் என்று கண்டு, தொடர்ச்சியாக ஓடும் சின்னக் கலத்துக்கு மாறினார்கள். எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு கிலோ; தங்கும் நேரம் இரண்டு மணியிலிருந்து சில நிமிடங்களுக்கு இறங்கியது. முக்காலிக்கு வேலையில்லாமல் போயிற்று. கிளெட்ஸ் இந்த எடுத்துக்காட்டைத் திரும்பத் திரும்பக் கையாண்டதில் வியப்பில்லை. இன்று பல ஆலைகளில் நாம் வாங்கி மாட்டும் எச்சரிக்கைக் கருவிகளிலும் பதாகைகளிலும் கணிசமானவை அந்த முக்காலியின் நவீன வடிவங்களே.

இந்தச் சிந்தனைக்கு முழு உருவம் கொடுத்தது இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் நடந்த விபத்து. அங்கே நைலானுக்கான மூலப்பொருள் தயாரித்த நைப்ரோ ஆலையில் சைக்ளோஹெக்சேனை ஆக்சிஜனேற்றம் செய்யும் ஆறு கலங்கள் வரிசையாக நின்றன. 1974 மார்ச் இறுதியில் ஐந்தாவது கலத்தில் விரிசல் தெரிந்தது. அதை அகற்றிவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்து, சில நாட்களிலேயே உற்பத்தியைத் தொடங்கினார்கள். கலங்களின் வாய் 28 அங்குலம். கையில் கிடைத்த குழாய் 20 அங்குலம். கலங்கள் ஒன்றைவிட ஒன்று தாழ்வாக நின்றதால் குழாயை வளைத்துச் செய்ய வேண்டியிருந்தது. அதற்கான வரைபடம் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் போட்டதுதான். ஆலைப் பொறியாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. ஜூன் 1 சனிக்கிழமை மாலை குழாய் பிய்த்துக்கொண்டது. வெளியேறிய ஆவி வெடித்ததில் 28 பேர் இறந்தனர். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டறையில் இருந்தவர்கள், அங்கிருந்து ஒருவரும் மீளவில்லை. வார நாளாக இருந்திருந்தால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். மாற்றங்களை யார் அனுமதிப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்வியை விசாரணை விரிவாக எழுப்பியது. இன்று உலகெங்கும் ஆலைகளில் கட்டாயமாக இருக்கும் மாற்ற மேலாண்மை நடைமுறைகளுக்கு அதுவே பெரிய தூண்டுதல். கிளெட்ஸ் அதை மறுக்கவில்லை. அவர் கவனத்தை இழுத்தது வேறொரு கணக்கு. கலங்களின் வழியே ஒருமுறை செல்லும் சைக்ளோஹெக்சேனில் ஏறக்குறைய 6 சதவீதம் மட்டுமே வினைபுரிந்தது. மீதி 94 சதவீதம் சூடேற்றப்பட்டு, அழுத்தப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, திரும்பவும் அதே வழிக்கு வந்தது. வெடித்தது பெரும்பாலும் இப்படிச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த திரவம்தான். அதை உள்ளே அடைத்து வைப்பது எப்படி என்று எல்லோரும் விவாதித்தபோது, அவ்வளவு எதற்கு என்று கேட்டவர்கள் மிகச் சிலர். 1977 டிசம்பரில் விட்னெஸ் நகரில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே அந்தக் கேள்விக்கான பதில்: உங்களிடம் இல்லாதது கசியாது. குறைந்த அளவில் வேலையை முடிப்பது, தீங்கு குறைந்த பொருளுக்கு மாறுவது, ஆபத்தான பொருளையே கையாண்டாலும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தணித்துக் கையாள்வது, தவறு செய்ய இடம் தராதபடி அமைப்பை எளிமையாக்குவது என்று பின்னர் இதை விரித்தார்.

ஏழே ஆண்டுகளில் போபால் வந்தது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்த 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தொட்டியைக் குளிரூட்டும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது, வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது, வாயுவைக் கழுவி நீக்கும் அமைப்பு அந்த அளவைத் தாங்கும் திறனற்றது. இவை நாம் அறிந்த கதை. தண்ணீர் எப்படிப் புகுந்தது, யாராவது வேண்டுமென்று புகுத்தினார்களா என்ற வாதமும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆலையின் உரிமையாளரான யூனியன் கார்பைடு நிறுவனம் நாசவேலை என்றது; தொழிலாளர்கள் மறுத்தார்கள். இந்த வாதம் எப்படி முடிந்தாலும் கிளெட்ஸ் சுட்டிக்காட்டிய ஒன்று மாறாது. மெத்தில் ஐசோசயனேட் அந்த ஆலையின் மூலப்பொருளும் இல்லை, விற்பனைப் பொருளும் இல்லை. நடுவில் உருவாகி அடுத்த கட்டத்தில் தீர்ந்துபோக வேண்டிய இடைநிலைப் பொருள். சேமித்து வைப்பது வசதி, அவ்வளவுதான். ஒரு பகுதி நின்றாலும் மற்றது ஓடலாம். உருவானதும் பயன்படுத்திவிடும்படி அமைத்திருந்தால் நாசகாரனுக்கும் கவனமற்றவனுக்கும் கிடைத்திருப்பது சில கிலோ. இந்தியாவில் விபத்துக்குப் பின் வந்த சட்ட மாற்றங்களில், குறிப்பாகத் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு 1987இல் வந்த திருத்தத்திலும் 1989இன் அபாய வேதிப்பொருள் விதிகளிலும், அளவு என்பது ஓர் எல்லைக்கோடாக நுழைந்தது. இவ்வளவுக்கு மேல் வைத்தால் தகவல் கொடு, இவ்வளவுக்கு மேல் போனால் பாதுகாப்பு அறிக்கை தா என்று விதிகள் கேட்டன. எதற்கு வைத்திருக்கிறாய் என்று அவை கேட்கவில்லை. கிளெட்ஸின் கேள்விக்கும் சட்டத்தின் கேள்விக்கும் உள்ள இடைவெளி இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இதை மறுப்பவர்களின் முதல் வாதம், ஆபத்து குறைவதில்லை, இடம்தான் மாறுகிறது என்பது. ஆலையில் தொட்டியைச் சிறிதாக்கினால் லாரிகள் அடிக்கடி வர வேண்டும். ஆபத்து சாலைக்குப் போகிறது. சென்னை மணலியில் சுங்கத் துறை 2015இல் கைப்பற்றிய சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் ஐந்து ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்த பிறகுதான் அது அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரிகளில் அனுப்பப்பட்டது. மணலிக்கு நிம்மதி, வழியிலிருந்த ஊர்களுக்கு? வாதத்தில் நியாயம் இருக்கிறது, கிளெட்ஸும் அதை அறிந்தே இருந்தார். எனினும் இது எதற்கு எதிரான வாதம் என்று பார்க்க வேண்டும். வேறிடத்தில் வைப்பதற்கு எதிரானது. தேவையே இல்லாமல் செய்வதற்கு எதிரானது இல்லை. போபாலில் இடைநிலைப் பொருளை அந்த ஆலையே தயாரித்தது. கையிருப்பைக் குறைத்திருந்தால் சாலையில் ஒரு லாரிகூடக் கூடியிருக்காது. அடுத்த வாதம் எண்ணிக்கைகள் பற்றியது. விபத்து வாய்ப்புகளை எண்ணாக்கி ஒப்பிடும் முறையை வளர்த்தவர்களில் கிளெட்ஸ் ஒருவர். ஆயிரம் பேர் தம் பணிக்காலம் முழுவதும் உழைக்கும் நேரத்தை, அதாவது பத்துக் கோடி மணி நேரத்தை, அலகாக வைத்து அதில் எத்தனை பேர் வேலையில் சாகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். அன்றைய பிரிட்டிஷ் வேதித் தொழிலில் அது சுமார் நான்கு. உயிருக்கு விலை போடுவதாக இது சிலருக்கு அருவருப்பூட்டியது. எண் இல்லாதபோதும் யாரோ ஒருவர் எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்துக்கொண்டேதான் இருந்தார். எண் வந்ததும் அந்த முடிவு பிறர் கண்ணில் பட்டது என்பதே என் பதில்.

கனமான மறுப்பு சமூகவியலிலிருந்து வருகிறது. கிளெட்ஸ் நிறுவனத்துக்குள் வளர்ந்தவர். மறதி என்று அவர் சொல்வதில் பாதி மறதியே இல்லை, நன்றாக நினைவிருந்தும் செலவு மிச்சம் என்று தள்ளிவைத்தது என்பார்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ், கிளெட்ஸைப் போலவே விபத்துகளை நூல்நூலாக ஆராய்ந்தவர், பொறியியலைவிட நிறுவனத்தின் ஊக்கத்தொகை, அதிகாரப் படிநிலை ஆகியவற்றிலேயே கண் வைத்தார். பி.பி. நிறுவனத்தின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்த வெடிப்பு பற்றி அவர் எழுதியது இந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கிறது. வாயுவை நேரடியாகக் காற்றில் விடும் பழங்கால அமைப்புக்குப் பதிலாக எரிகோபுரம் வைக்கலாம் என்ற யோசனை அங்கே முன்பே எழுந்தது, ஒத்திப்போடப்பட்டது. வழுக்கி விழுதல், கைவெட்டு போன்ற சிறு காயங்களின் எண்ணிக்கை குறைந்து வந்ததை வைத்து ஆலை பாதுகாப்பாக இருக்கிறது என்று மேலிடம் எண்ணிக்கொண்டது. இதை மறதி என்று சொல்ல முடியாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கிளெட்ஸின் எழுத்தில் அதிகாரமும் லாபமும் ஓரமாகவே வருகின்றன. தொழிற்சங்கம் அநேகமாக வருவதே இல்லை. ஆனாலும் அன்று இறந்த பதினைந்து பேரைக் கவனியுங்கள். அவர்கள் எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வெடித்த அலகில் அவர்களுக்கு வேலையே இல்லை. பக்கத்து அலகின் பராமரிப்புக்காகக் கொண்டுவந்து நிறுத்திய தற்காலிக டிரெய்லர் அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தார்கள். அறைகளைச் சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்தால், லாபவெறி அப்படியே இருந்திருக்கலாம், பழைய அமைப்பும் இருந்திருக்கலாம், அவர்கள் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்கள். பேராசையைத் திருத்தும் வழியைக் கிளெட்ஸ் சொல்லவில்லை. ஒருவர் மறந்தாலும் பேராசைப்பட்டாலும் சேதம் குறைவாக இருக்கும்படி ஆலையை அமைக்கும் வழியைச் சொன்னார். இரண்டில் எதற்காக முதலில் காத்திருப்பது என்று கேட்டால், நான் பின்னதையே தேர்வேன்.

அப்படியென்றால் அவர் வழி ஏன் பரவலாகப் பின்பற்றப்படவில்லை? செலவு என்பது முழு விடையாகாது. சிறிய ஆலை பெரும்பாலும் மலிவானது, காவலுக்கு வைக்கும் கருவிகளும் குறையும் என்று 1984இலேயே ஒரு நூல் எழுதி வாதிட்டார். தடை நேரத்தில் இருக்கிறது. பொருளைக் குறைப்பதும் மாற்றுவதும் காகிதத்தில் கோடு போடும் கட்டத்தில் செய்ய வேண்டியவை. பாதுகாப்புப் பிரிவு பொதுவாக அழைக்கப்படுவதோ எல்லாம் முடிவான பிறகு. ஐ.சி.ஐ.யில் பிறந்து அவர் உலகெங்கும் பயிற்றுவித்த ஹாசாப் ஆய்வும்கூட, குழாய் குழாயாக எடுத்துக்கொண்டு ஓட்டம் இல்லையென்றால், அதிகமானால், எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும் என்று கேட்கும் அந்தச் சிறந்த முறையும்கூட, வரைபடம் தயாரான பிறகே தொடங்குகிறது. அந்தக் குழாய் எதற்கு என்று கேட்க அப்போது காலம் கடந்துவிட்டிருக்கும். இதை அவரே ஒத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இன்னோர் ஆய்வு வேண்டும் என்றார். கட்டி முடித்த ஆலை பல பத்தாண்டுகள் ஓடும். வடிவமைத்தவர்கள் போன பின்னும் அவர்கள் எடுத்த முடிவு ஓடிக்கொண்டிருக்கும்.

மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் யூனியன் கார்பைடுக்குப் போபாலைப் போலவே மெத்தில் ஐசோசயனேட் கையாளும் ஆலை இருந்தது. அதன் உரிமை கைமாறிக் கடைசியில் பேயர் நிறுவனத்திடம் வந்தது. போபாலுக்குப் பிறகும் அங்கே அந்தப் பொருளைத் தொட்டியில் சேமித்து வைப்பது நிற்கவில்லை. 2008 ஆகஸ்ட் 28 இரவு வேறோர் அலகில் கலம் ஒன்று வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தனர். வெடித்த கலத்தின் சிதறல்களில் சில அந்தத் தொட்டியைச் சுற்றியிருந்த பாதுகாப்புத் தடுப்பில் மோதின. அடுத்த ஆண்டு கையிருப்பை 80 சதவீதம் குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது. போபாலுக்கு 27 ஆண்டுகள் கழித்து, 2011இல், அந்தப் பொருளின் உற்பத்தியே அங்கு கைவிடப்பட்டது. கிளெட்ஸுக்கு அப்போது வயது 88.